சரிவில் அத்தானின் வலக்கை

இத்தாலியின் பலேர்மோ நகரில், பிரான்காச்சோ என்ற பகுதியில், பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு வாகனத் திருத்தகம். அதன் எண்ணெய்த் தரையில் கடதாசி மட்டை ஒன்றைப் போட்டு, அதன்மேல் நான் குந்தியிருக்கிறேன். எனக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பிக்கப். அதன் அடியிலிருந்து இரண்டு சப்பாத்துக் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. என் கையில் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம். ஒரு வசனம் வாசிப்பேன், அதை எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொல்வேன், அடியிலிருந்து "பிறகு?" என்று ஒரு குரல் வரும். மறுபடி வாசிப்பேன். அன்று வியாழக்கிழமை. பலேர்மோவில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் விடுமுறை. எங்கள் பெண்கள் அந்த நேரத்தில் தலைக்கு முழுகுவார்கள், ஊருக்குத் தொலைபேசி எடுப்பார்கள், கொஞ்சம் படுத்து எழும்புவார்கள். நானோ டீசல் எஞ்சினின் புகைக்குழாயைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, எல்லாம் முன்பே தெரிந்தவர்போல அத்தான் நின்றார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். பலேர்மோவுக்கு வந்தபின் மாடிக் குடியிருப்புகளின் படிகளைக் கழுவினார். அந்த வேலையை அவர் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் தெருவில் நடக்கும்போது யாராவது கியரை அரைத்து மாற்றுகிற சத்தம் கேட்டால், பல் கூசியவர்போல முகத்தைச் சுளிப்பார். "கிளச் மிதிக்கத் தெரியாதவனெல்லாம் கார் வைச்சிருக்கிறான், நான் வாளி வைச்சிருக்கிறன்" என்பார். "வாளிக்குக் கிளச் இல்லைத்தானே அத்தான், சுகமா ஓட்டலாம்" என்பேன் நான். மச்சாளுக்கு அத்தானைப் பகிடி பண்ணும் உரிமை எங்கள் பக்கத்தில் உண்டு. அந்த உரிமையை நான் வீணாக்கியதில்லை.

அக்காவும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அத்தான் அவர்களைக் கண்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அது. போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை திறந்திருந்தது. ஆனால் அது எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. பாதை பூட்டுவதற்கு முன் அவர்களைக் கொழும்புக்கு எடுத்து, இங்கே கூப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே கவலை. குடும்பத்தைக் கூப்பிட அத்தானிடம் முழுநேர வேலைக்கான கொந்த்ராத்தோ, அதாவது கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம், இருக்கவேண்டும். அவருடைய வேலையோ காலையில் ஒரு படிக்கட்டு, மத்தியானம் ஒரு படிக்கட்டு என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தது. அனுமதி கேட்கிற குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் போய்ப் படிக்கட்டுகளை எண்ணிக் காட்ட முடியாது.

அப்போதுதான் நான் வேலை செய்த வீட்டின் எசமானியம்மா, சிஞ்ஞோரா, ஒரு சாரதி தேடத் தொடங்கினார். அவர் அறுபது வயதைத் தொட்ட பெண்மணி. அதிகம் பேசமாட்டார், அதிகம் சிரிக்கவும்மாட்டார். நகரத்துக்கு மேலே மலையில் அவருக்கு ஒரு குதிரை லாயம் இருந்தது. அவருடைய தமையன் நெடுங்காலம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியபோது அந்தப் பிக்கப்பையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்; வந்து இரண்டு வருடத்தில் காலமாகிவிட்டார். குதிரைகளைப் பின்னால் ட்ரெயிலரில் ஏற்றி, மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதற்கு அந்த வண்டிதான் இருந்தது. முன்பு ஓட்டிய இருவரும் சரிவில் பிறேக்கை மிதித்தபடியே இறங்கி, சில்லுகளிலிருந்து புகை வரவைத்து, "இந்த வண்டி எங்களுக்கு வேண்டாம்" என்று போய்விட்டார்கள். என் அத்தான் இருக்கிறார் என்று நான் சொன்னேன். ட்ரெயிலர் இழுப்பதற்கான பரீட்சையும் எழுதி இத்தாலிய அனுமதிப்பத்திரம் எடுத்து, அதை மடிப்புக் குலையாமல் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தார் அவர். சிஞ்ஞோரா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு மாதம் ஓட்டட்டும், குதிரைக்கு ஒன்றும் ஆகாவிட்டால் முழுநேரக் கொந்த்ராத்தோ, லாயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு அறையும் தருவேன் என்றார். வேலை, வீடு இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. அன்று நான் பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்தேன். ஊர்க் கோயிலுக்கும் வைத்தேன். எதையும் ஒரே இடத்தில் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை.

காலமான தமையன் ஒரு பெட்டியை விட்டுப் போயிருந்தார். அதற்குள் இருந்தது, அவர் அமெரிக்காவில் வாங்கி, வண்டியில் பூட்டாமலே வாகனக் கொட்டிலில் வைத்திருந்த எக்ஸோஸ்ட் பிறேக். திருத்தகக்காரரை அந்தத் தெருவில் எல்லாரும் மாஸ்த்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அத்தானுக்கு ஆங்கிலமும் அரைகுறை இத்தாலியனும் அரைகுறை. ஆகவே வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. வாசிக்க வாசிக்க எனக்கே அந்தப் பொருள் பிடித்துப்போனது. புகைக்குழாயின் நடுவில் ஒரு தகட்டுக் கதவு. சுவிச்சைப் போட்டு, எண்ணெய் மிதிக்கிற காலை எடுத்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினுக்குள்ளேயே முட்டும், எஞ்சின் திணறும், அந்தத் திணறல் சில்லுகளைப் பின்னுக்கு இழுக்கும். கால் பிறேக்கை மிதித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. பிறேக் கட்டைகள் சூடேறாமல், உண்மையாகத் தேவைப்படும் நேரத்துக்குக் காத்திருக்கும்.

கையால் கியர் மாற்றுகிற லொறிகளில் இது சுலபமான விஷயம் என்றார் மாஸ்த்ரோ. இந்தப் பிக்கப் ஓட்டோமற்றிக். அதில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் இருப்பது எண்ணெய் நிறைந்த ஒரு சட்டிதான். காலை எடுத்ததும் அது நழுவத் தொடங்கும். எஞ்சின் தன்பாட்டில், சில்லு தன்பாட்டில். அப்படி நழுவினால் கதவை மூடியும் பெரிய பயன் இல்லை. அதற்காகத்தான் தமையன் விட்டுப்போன பெட்டிக்குள் இன்னொரு சின்னப் பெட்டி இருந்தது. சரிவில் அந்தச் சட்டியைப் பூட்டி, எஞ்சினையும் சில்லையும் ஒன்றாகப் பிணைத்து வைப்பது அதன் வேலை. சரிவு தொடங்குமுன்பே கால் பிறேக்கால் வேகத்தைக் குறை, கீழ்க் கியருக்குப் போ, பிறகு சுவிச்சைப் போடு என்று புத்தகம் சொன்னது. வழுக்கும் தெருவில் போடாதே என்றது. சரிவில் ஒருபோதும் நியூட்ரலுக்குப் போகாதே என்பதை மட்டும் தடித்த எழுத்தில் சொன்னது. நான் அதையும் வாசித்தேன். "பதினைஞ்சு வருசம் ஓடினவனுக்கு இதையும் வாசிக்க வேணுமோ?" என்றார் அத்தான். மாஸ்த்ரோ சுவிச்சை ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், கதவோரமாகப் பூட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டம். ட்ரெயிலரில் குதிரை இல்லை. சிஞ்ஞோரா முன்னால் அத்தானுக்குப் பக்கத்தில் இருந்தார். லாயத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவது வளைவில் வண்டி பிடிபடவில்லை. சுவிச் போட்டிருந்தும், ட்ரெயிலர் பின்னாலிருந்து தள்ள, பிக்கப் மேலும் மேலும் வேகமெடுத்தது. அத்தான் கால் பிறேக்கின்மேல் எழும்பி நிற்காத குறையாக மிதித்து, தெரு வேலைக்குக் கொட்டியிருந்த கற்குவியல் ஒன்றில் சில்லை ஏற்றித்தான் நிறுத்தினார். ட்ரெயிலரின் விளக்கு ஒன்று உடைந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் சிஞ்ஞோரா இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது அவருடைய கோப்பி ஆறிப்போய் மேசையில் இருந்தது. மொன்றியாலேயில் வேறொரு சாரதியைச் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை உன் அத்தானும் மாஸ்த்ரோவும் வந்து எனக்கு விளக்கம் சொல்லட்டும், பிறகு முடிவெடுப்பேன் என்றார். அன்று நான் அந்த வீட்டின் தரையை இரண்டு தரம் துடைத்தேன். முதல் தரம் துடைத்தது நினைவில் இருக்கவில்லை.

மாஸ்த்ரோ எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். கதவு மூடியது, சுவிச் வேலை செய்தது, பூட்டும் பெட்டியும் சரி. என்னுடைய பூட்டலில் பிழை இல்லை, புத்தகத்தை வாசித்ததில்தான் ஏதோ பிழை என்று முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். நான் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னதால் அக்காவின் வருகை நின்றுவிடுமோ என்று அகராதியை வைத்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் திரும்ப வாசித்தேன். பிழை ஒன்றும் அகப்படவில்லை. அத்தானிடம் கேட்டால், "எனக்கும் விளங்கேல்லை, பிள்ளை. போட்டனான், பிடிக்கேல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் திருத்தகத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதையைக் கடக்கிற மேம்பாலத்தில் ஓட்டிப் பார்ப்போம் என்று அத்தானும் நானும் புறப்பட்டோம். நான் முன்னால் அத்தானின் வலப்பக்கம் இருந்தேன். பாலத்தில் ஏறினோம், உச்சிக்கு வந்தோம், இறங்கத் தொடங்கினோம். அத்தான் இடக்கையால் சுவிச்சைப் போட்டார். கண் தெருவில் இருந்தது. வண்டி தன்பாட்டில் ஓடத் தொடங்கிய அந்தக் கணத்தில், அவருடைய வலக்கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கியர்த் தண்டை மெல்ல மேலே தட்டிவிட்டது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பழக்கமாக. எஞ்சினின் முனகல் அடங்கிப்போனது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"அத்தான், உங்கடை கை" என்றேன்.

"என்ன கைக்கு?"

"பாருங்கோ, எங்கை நிக்குதெண்டு."

அவர் பார்த்தார். தண்டு நியூட்ரலில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். பாலத்தின் அடியில் வண்டியை ஓரங்கட்டி, அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒருவன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அதையும் அவர் கவனிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, மேடும் இல்லை. பாலங்களைத் தவிர எல்லாம் ஒரே சமதரை. அத்தான் இங்கே வருமட்டும் ஒரு மலைச்சரிவில் வண்டி இறக்கியதில்லை. அவர் ஓட்டியதில் பல வருடம், போரில் எங்கள் பக்கத்துக்கு எரிபொருள் வராமல் மறித்திருந்த பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் மருந்துக்குத்தான் கிடைக்கும். சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் நாலு துளி விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெயும் லேசில் கிடைக்காது. அதனால் ஒரு வழக்கம். கொஞ்சம் வேகமெடுப்பது, உடனே நியூட்ரலில் தட்டுவது, வண்டி தன்பாட்டில் ஓடும் மட்டும் ஓட விடுவது, நிற்கப்போகும்போது மறுபடி கியரில் போடுவது. வருடக்கணக்காக நாளொன்றுக்கு நூறு தரம் செய்தது. அவருடைய பழைய இங்கிலாந்துக் காரில் கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் இடப்பக்கம். இந்த அமெரிக்க வண்டியில் வலப்பக்கம். ஆனாலும் இடக்கையின் பழக்கம் வலக்கைக்குக் குடிபெயர்ந்து வந்திருந்தது. அத்தான் விமானத்தில் வந்தபோது அதுவும் பெட்டி படுக்கை இல்லாமல் கூடவே வந்திருக்கிறது. வண்டி தன்பாட்டில் ஓடினால் கைக்கு அது எண்ணெய் மிச்சப்படுத்தும் நேரம். நியூட்ரலில் எக்ஸோஸ்ட் பிறேக் எதைப் பிடிக்கும்? எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையில் தொடர்பே அறுந்துவிட்டதே.

"ஆரிட்டையும் சொல்லாதேங்கோ" என்றேன் நான் உடனே. என் மூளை இந்த மாதிரி நேரங்களில் வேகமாக ஓடும். கதவு முதலில் இறுகியிருந்தது, இப்போது மாஸ்த்ரோ சரிசெய்துவிட்டார் என்று சொல்வோம். யாருக்கும் நட்டமில்லை. கை பழகிவிட்டது என்று சொன்னால் எந்த மனிசி தன் குதிரையை நம்பித் தருவா? அக்காவை நினையுங்கோ, பிள்ளைகளை நினையுங்கோ, பாதை பூட்டினால் என்ன செய்வோம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அத்தான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய மௌனத்தை நான் எனக்குப் பிடித்தபடி எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோராவின் குசினியில் நாங்கள் நாலு பேர். மாஸ்த்ரோ வெள்ளைச் சட்டை போட்டு, நகக் கண்ணில் எண்ணெய்க் கறை போகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார். சிஞ்ஞோரா அத்தானைப் பார்த்து, என்ன நடந்தது என்றார். அத்தான் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"பிறேக்கிலை பிழை இல்லை. பிழை என்ரை கையிலை. கை தன்ரை பாட்டிலை நியூட்ரலுக்குப் போட்டுது. ஊரிலை எண்ணெய் இல்லாத காலத்திலை பழகினது. அதை அவவுக்கு வடிவாச் சொல்லும்."

நான் சிஞ்ஞோராவின் பக்கம் திரும்பினேன். "அன்றைக்குக் கதவு சரியாக மூடவில்லையாம், இப்போது மாஸ்த்ரோ திருத்திவிட்டாராம்" என்று இத்தாலியனில் சொன்னேன். என் குரல் நடுங்கவேயில்லை. மாஸ்த்ரோவின் முகம் காதுவரை சிவந்தது. அவர் கதிரையிலிருந்து பாதி எழும்பினார், பிறகு அமர்ந்தார். தன் வேலையில் பிழை இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதனின் குடும்பம் இதில் தொங்குகிறது என்பதும் தெரியும். நான்தான் அந்தக் கதையை அவருக்குப் பலதரம் சொல்லியிருந்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அத்தானுக்கு நான் சொன்னது முழுவதும் விளங்கியிருக்காது. கதவு என்ற சொல்லும் மாஸ்த்ரோவின் முகமும் போதுமாக இருந்தன. "நோ" என்றார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். வலக்கையைத் தூக்கிக் காட்டி, "மானோ மியா" என்றார். என் கை. பிறகு காற்றில் அந்தக் கையால் தண்டை மெல்ல மேலே தட்டிக் காட்டினார். மாஸ்த்ரோவைச் சுட்டி, "லூயி புராவோ" என்றார். அவர் நல்ல வேலைக்காரர். அவருக்குத் தெரிந்த இத்தாலியன் அவ்வளவுதான். அவ்வளவும் எனக்கு எதிராக இருந்தது. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரோடுதான் அவர் சொன்ன முழுவதையும், எண்ணெய் இல்லாத காலத்தையும் சேர்த்து, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். நான் முதலில் சொன்னது என்னுடைய சொந்தப் பொய் என்பதையும் சொன்னேன்.

இன்று எனக்குப் பிழைப்பே மொழிபெயர்ப்புத்தான். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் அலுவலகங்களிலும் எங்கள் ஆட்களுக்கும் இத்தாலியர்களுக்கும் நடுவில் இருந்து பேசுகிறேன். அன்றைய ஞாயிறைப் பலதரம் யோசித்திருக்கிறேன். அத்தானின் கைக்கு இருந்த பழக்கம் என் நாக்குக்கும் இருந்தது. சோதனைச் சாவடிகளில் வளர்ந்தவள் நான். எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டால், கேட்கிறவன் முகத்தைப் பார்த்து அதற்கேற்ற பதிலைத் தட்டிவிடுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அது என்னையும் இன்னும் சிலரையும் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் ஆபத்து முடிந்தது என்று நாக்குக்கு யாரும் போய்ச் சொல்வதில்லை. இப்போதும் ஒருவர் தனக்குப் பாதகமான உண்மையைச் சொல்லும்போது என் நாக்கு வேறொன்றுக்குத் தயாராகிறது. அப்போது ஒரு கணம் நிறுத்தி, சொன்னதைச் சொன்னபடி சொல்கிறேன்.

அன்று குசினியில் எல்லாவற்றையும் கேட்டு முடித்த சிஞ்ஞோரா ஒரேயொரு கேள்வி கேட்டார். சரி, அந்தக் கையை என்ன செய்யப் போகிறாய்?

அத்தான் அதற்கு விடை யோசித்து வைத்திருந்தார். "கை அங்கைதான் போகும். மறிச்சாலும் போகும். போற இடத்திலை அதுக்கொரு வேலை குடுப்பம்" என்றார். சுவிச்சைக் கதவோரத்திலிருந்து கழற்றி, கியர்த் தண்டின் நுனியில் பூட்டவேண்டும். சரிவு வந்ததும் கை வழக்கம்போல் தண்டுக்குப் போகட்டும். போனால் பெருவிரலின் கீழே சுவிச் இருக்கும். தட்டுவதற்குப் பதிலாக அமத்தட்டும். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். மாஸ்த்ரோ முதல்முறையாக வாய் திறந்தார். புத்தகத்திலேயே அப்படி ஒரு படம் இருக்கிறது, தண்டுக்குள்ளால் கம்பி இழுக்கிற வேலைக்குப் பஞ்சிப்பட்டு நான்தான் கதவோரத்தில் பூட்டினேன் என்றார். அந்தக் குசினியில் அன்று எல்லாருக்கும் உண்மை சொல்கிற வருத்தம் தொற்றிவிட்டது. சிஞ்ஞோரா வியாழக்கிழமை என்றார். குதிரையோடு, ஒரே ஒரு தரம்.

திங்கள் காலையிலேயே மாஸ்த்ரோ சுவிச்சைத் தண்டின் நுனிக்கு மாற்றிவிட்டார். இடையில் இருந்த மூன்று நாளும் அத்தான் படி கழுவிவிட்டு நேரே பிரான்காச்சோவுக்குப் போனார். ட்ரெயிலரைக் கொழுவி அந்த மேம்பாலத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். எத்தனை தரம் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். பாலத்தடியில் மரக்கறி விற்கிறவன் தன்னைக் கண்டால் கை காட்டுகிற அளவுக்கு என்று சொன்னார்.

வியாழக்கிழமை நான் பின் இருக்கையில் இருந்தேன். சிஞ்ஞோரா முன்னால். ட்ரெயிலரில் அவருடைய மண்ணிறப் பெண்குதிரை. சரிவு தொடங்குகிற இடத்துக்கு முன்பே அத்தான் கால் பிறேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்தார், கீழ்க் கியருக்கு இறக்கினார். காலை எடுத்தார். கை தண்டுக்குப் போனது. பெருவிரல் அமர்ந்தது. அடியிலிருந்து கனத்த ஒரு பெருமூச்சுச் சத்தம் கிளம்பி, யாரோ பின்னால் நின்று பிடித்துக்கொண்டதுபோல் பிக்கப் தணிந்தது. அத்தானின் கால் பிறேக்கின்மேல் இருக்கவேயில்லை. முதலாவது வளைவு, இரண்டாவது வளைவு, உடைந்த விளக்குக் கண்ணாடியின் துண்டுகள் இன்னும் கிடந்த கற்குவியல். நாலாவது வளைவில் மலை ஊற்றுத் தண்ணீர் தெருவில் பரவியிருந்தது. ஈரத்துக்கு முன்னாலேயே அத்தான் சுவிச்சை எடுத்துவிட்டார். கால் பிறேக்கைத் தொட்டும் தொடாமலும் அந்த இடத்தைக் கடந்து, காய்ந்த தெரு வந்ததும் மறுபடி போட்டார். புத்தகத்தை நான் வாசித்தபோது அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

கீழே நகரம் தெரிந்தது, துறைமுகத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் தெரிந்தது. சமதரைக்கு வந்ததும் சிஞ்ஞோரா நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் ஒவ்வொரு சில்லுக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூடேறியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ட்ரெயிலரின் சின்னக் கதவைத் திறந்து குதிரையின் கழுத்தில் கை வைத்தார். வியர்க்கவில்லை. திரும்பி வந்து, சீற்றில் ஏறி, இடுப்புப் பட்டியைப் போட்டுக்கொண்டு, நாளைக் காலை உன் கடதாசிகளைக் கொண்டு வா என்றார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். "விளங்கினது, பிள்ளை" என்றார் அத்தான்.

மற்றதெல்லாம் வரிசைகளும் முத்திரைகளும். அடுத்த வருடம் வசந்தத்தில் அக்காவும் பிள்ளைகளும் ரோமிலிருந்து ரயிலில் வந்து பலேர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினார்கள். சில மாதங்களில் ஊருக்கான பாதை பூட்டியது. அத்தானும் அக்காவும் இப்போது இங்கிலாந்தில், பிள்ளைகளின் படிப்புக்காகப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அத்தான் அங்கே பேருந்து ஓட்டுகிறார். தொலைபேசியில் இன்னும் என் பகிடிகளுக்குப் பதில் சொல்கிறார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர்கள் வந்த முதல் ஞாயிறுதான்.

நேர்த்தியைத் தீர்க்க எல்லாரும் பிக்கப்பில் சாந்தா ரொசாலியாவின் கோயிலுக்கு மலை ஏறினோம். திரும்பி இறங்கும்போது அக்கா முன்னால், நானும் பிள்ளைகளும் பின் இருக்கையில். கடல் முழுக்கக் கீழே விரிந்து கிடந்தது. அக்கா திரும்பி என்னிடம், "வேலை சுகமாக் கிடைச்சதோ?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்ல நாக்குத் தயாராக இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கற்குவியல், மேம்பாலம், குசினி, என் பொய், அத்தானின் கை. அத்தான் தெருவையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவருடைய காது சிவந்திருந்தது. பாழாய்ப்போன அந்தக் கை உன்னை வரவிடாமல் பண்ணப் பார்த்தது என்று சிரித்தபடி முடித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "அந்தக் கையைப் பழி சொல்லாதை" என்றாள். "மூத்தவள் பிறக்கிற அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு எட்டு மைல். காரிலை இருந்தது ஒரு போத்தல் மண்ணெண்ணெய். நான் பின்சீற்றிலை கத்திறன். இவர் கொஞ்சம் ஓடுறது, நியூட்ரல்லை விடுறது, கொஞ்சம் ஓடுறது, விடுறது. எட்டு மைலும் அப்பிடித்தான் கொண்டு போனவர். வாசலுக்குப் போக எஞ்சின் நிண்டுட்டுது. பிறகு ஒரு சொட்டும் இல்லை."

அத்தான் இதை எனக்குச் சொன்னதேயில்லை. அந்த மேம்பாலத்தடியிலும் சொல்லவில்லை, சிஞ்ஞோராவின் குசினியிலும் சொல்லவில்லை. அடுத்த சரிவு வந்தது. அவருடைய கை தண்டுக்குப் போய், பெருவிரல் அமர்ந்து, வண்டி தணிந்தது. பதினொரு வயது மூத்தவள் என் பக்கத்திலிருந்து எழும்பி, முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு எட்டி, கீழே வந்து சேருமட்டும் அப்பாவின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.